செம்பருத்தியின் உறவுச் செடி காருக்குள் வந்த கதை

நமது தேசிய மலரான செம்பருத்தியின் இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று உண்டு. பெயர் கெனாஃப். விதைத்த நான்கைந்து மாதங்களில் ஆளைவிட உயரமாக வளர்ந்து அறுவடைக்கு வந்துவிடும். புகையிலை பயிரிட்டவர்களுக்கு மாற்றுப் பயிராக மலேசிய அரசு இதை ஊக்குவித்தது. 2010இல் பழைய புகையிலை வாரியத்தின் இடத்தில் தேசிய கெனாஃப், புகையிலை வாரியமே வந்தது.

கெனாஃப் பட்டையிலிருந்து கிடைக்கும் நாரை நெகிழியோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் உறுதியான பலகை கிடைக்கும். பிஎம்டபிள்யூ ஐ3 மின்காரின் கதவு உட்பலகை அப்படிப்பட்டதுதான். கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், கெனாஃப் நாருக்கு 1.4 அளவுதான். காரின் எடை குறைந்தால் எரிசக்தி மிச்சம்.

பிறகு ஏன் எல்லாவற்றையும் நாரிலேயே செய்வதில்லை? தண்ணீர்தான் காரணம். நாரிலுள்ள செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். பாலிபுரொப்பிலீன் போன்ற நெகிழி ஈரத்தை விலக்கும். இரண்டும் சரியாக ஒட்டாது. ஈரம் புகுந்து நார் உப்பினால் உள்ளே விரிசல் விழும். அதனால் நாரை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். மெழுகுப் பசை நீங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாகி, நெகிழி பற்றிக்கொள்ளும். கரைசல் கடுமையானால் நாரே வலுவிழந்துவிடும். சூட்டுக்கும் எல்லை உண்டு: 200 பாகை செல்சியசைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும்.

இங்கேதான் கலப்புக் கூட்டுப்பொருள் உதவிக்கு வருகிறது. ஓர் அளவுகோலை வளைத்துப் பாருங்கள். அதிகம் இழுபடுவதும் நசுங்குவதும் இரு மேற்பரப்புகளே. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே வெளியே கண்ணாடி இழை, நடுவில் கெனாஃப். வலிமையும் கிடைக்கும், ஈரமும் எளிதில் புகாது.

ஆனால் இதைப் 'பசுமைப் பொருள்' என்று விளம்பரப்படுத்தினால் நான் கொஞ்சம் யோசிப்பேன். கண்ணாடி இழை மட்காது. ஒட்டிய பிறகு நாரைத் தனியே பிரிப்பதும் கடினம்.

ஒரு வழி, கண்ணாடிக்குப் பதிலாக வேறொரு செடி நாரையே சேர்ப்பது. செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக்குலைகள் மலைபோல் கிடக்கின்றன. அந்த நாரோடு சணலைச் சேர்த்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். தனி வெற்றுக்குலை நாரைவிட வலிமை கூடியது. ஆனால் கண்ணாடிக் கவசம் போனதும் பழைய தண்ணீர்ப் பிரச்சினை திரும்பிவிடுகிறது.

அதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மாதிரித் துண்டை உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடைபோட வேண்டும். பள்ளி ஆய்வகத் தராசே போதும்.