முகமும் வேண்டும், லயமும் வேண்டும்

ஈப்போ பழைய நகரத்து அஞ்சடியில் ஒரு கடைக்காரரைப் படமெடுக்க நின்று பாருங்கள். முன்னால் அவர், பின்னால் அவருடைய பெட்டிகள், சாமி படம், பெயர்ப்பலகை. எல்லாமே படத்தில் விழ வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். ஆனால் அஞ்சடியின் அகலமே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். இன்னும் ஓரடி வைத்தால் சாலையில் நிற்போம். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்கும்.

இங்கேதான் 'வைட் ஆங்கிள்' எனப்படும் அகலக்கோண லென்ஸ் கைகொடுக்கிறது. மில்லிமீட்டர் எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும். முழு அளவு சென்சார் கணக்கில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று படுக்கைவாட்டில் எடுத்தால், 50 மி.மீ. லென்ஸில் சுமார் 1.4 மீட்டர் அகலம் விழும். 35-இல் இரண்டு மீட்டர்; 28-இல் இரண்டரை மீட்டர். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மீட்டரில்தான் கடையின் கதை இருக்கிறது.

தோட்டப்புறத்தில் இது இன்னும் முக்கியம். பேராவில் பால்மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் பல காலியாகிவிட்டன. சில இருந்த தடமே இல்லை. நம் வீடுகளில் தாத்தா பாட்டியின் பழைய படம் இருந்தால், பெரும்பாலும் அது ஸ்டூடியோ திரைக்கு முன்னால் எடுத்ததாகவே இருக்கும். முகம் இருக்கிறது; விடியற்காலையில் பால் வெட்டப் புறப்பட்ட வாசல் இல்லை. இன்று பாட்டியை லயத்து வாசலில் உட்கார வைத்து எடுத்தாலும், கைப்பேசியின் 'போர்ட்ரெய்ட்' முறை அந்த வாசலை மங்கலாக்கிவிடுகிறது. நாளை பேரப்பிள்ளைகள் தேடப்போவது அதைத்தான்.

அப்படியானால் எந்தக் கேமரா?

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்கு நிகரானது. தொடங்குவதற்கு அதுவே போதும். 0.5 என்று காட்டும் மிக அகலமான லென்ஸை மட்டும் ஆட்களுக்குத் தவிர்க்கலாம். ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரியும். ஒரு மாதம் ஜூம் செய்யாமல் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எந்த அகலம் பழகுகிறது என்பது தெரிந்துவிடும்.

தனிக் கேமரா வாங்குவதானால் மூன்று வழிகள் உண்டு. 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, 28 மி.மீ.க்கு நிகரான, மாற்ற முடியாத லென்ஸ் கொண்டது. எடை 257 கிராம்; சட்டைப் பையில் அடங்கும். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும், மழைக்கும் தாங்காது. ஈப்போவின் பிற்பகல் மழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

35 மி.மீ. பார்வை பிடித்தவர்களுக்கு ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இதில் உண்டு. வெயிலில் பெரிய உதவி. எடையும் விலையும் கூடுதல்.

பணம் குறைவென்றால், பழைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவும் பானசோனிக்கின் 14 மி.மீ. லென்ஸும் நல்ல இணை. இந்த வகைக் கேமராவில் அது 28 மி.மீ.க்கு நிகர், எடை 55 கிராம்தான். பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அதுதான் முதல் எதிரி. வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

சின்னக் கேமராவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜிஆர் போன்றவற்றில் ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்தி, துவாரத்தை எஃப்8-இல் வைத்தால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை தெளிவாக விழும். ஃபோகஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கும் கையையும், குனோங் சீரோ தைப்பூசத்தில் நொடியில் கடந்துபோகும் காவடியையும் இப்படித்தான் பிடிக்க முடியும்.

பயிற்சிக்கு ஓர் இடம் வேண்டுமா? பத்து காஜா அருகே கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள், பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள். அதன் மேல் தெய்வ உருவங்களுக்கு நடுவே தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தின் உருவமும் நிற்கிறது. ஜூம் செய்து எடுத்தால் வெள்ளை உடையில் ஒரு துரை, அவ்வளவுதான். அகலமாக எடுத்தால், யார் ஊரில், யார் சாமிகளுக்கு நடுவே அவர் நிற்கிறார் என்பது தெரியும்.

ஆனால் அகலக்கோணம் நம்மை ஆட்களுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும். தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்க அது விடாது. அதனால் "எடுக்கலாமா ஐயா?", "எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். சரி என்றால், அடுத்த முறை போகும்போது படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்பக்கம் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுத மறக்காதீர்கள்.