வங்குரோத்துப் பட்டியலில் ஈட்டுக் கடன்

வியாபாரம் முறிந்து நீதிமன்றம் செல்பவர் கொடுக்கும் கடன் பட்டியலில் அதிகம் குழப்பம் வருவது ஈட்டுக் கடன்களில்தான். நம் நாட்டில் வங்குரோத்துச் சட்டம் 1853இலேயே வந்துவிட்டது. ஆனாலும் நமது வர்த்தகர்களில் பலர் எல்லாக் கடனையும் ஒரே நிரலில் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

புடைவைக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவரின் பட்டியலைப் பார்த்தேன். வங்கிக்கு 80 இலட்சம் ரூபா, சரக்குக் கொடுத்தவர்களுக்கு 40 இலட்சம். வங்கிக்கு ஈடு வைத்த கடையோ 50 இலட்சம்தான் பெறும். எனவே ஈட்டுக்கு உட்பட்ட கடன் 50 இலட்சம் மட்டுமே. மிகுதி 30 இலட்சத்துக்கு வங்கியும் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். ஏனைய சொத்து 14 இலட்சம் என்று வையுங்கள். சரியாகப் பிரித்தால் சரக்குக்காரர்களுக்கு 8 இலட்சம் சேரும். வங்கியின் 80 இலட்சத்தையும் அப்படியே வரிசையில் சேர்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது 5 இலட்சத்துக்கும் குறைவு. நம்பிக் கடன் தந்தவர்களின் காசு இது.

நம்மவர்கள் முன்திகதியிட்ட காசோலையை ஈடு என்று நினைக்கிறார்கள். அது ஈடல்ல, புரோநோட்டும் அல்ல. காணி ஈட்டுக்கு நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். லீசிங் வாகனத்தைச் சொந்தச் சொத்தாகக் காட்டக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். மனைவியின் நகையை அடகு வைத்திருந்தால் நகை அவருடையது என்று குறிப்பிடுங்கள். வாப்பாவின் காணியை ஈடு வைத்திருந்தாலும் அப்படியே.

ஷரீஅத்தில் 'ரஹ்ன்' என்பதும் இதுதான். ஈட்டுப் பொருளில் ஈடு பிடித்தவருக்கே முதல் உரிமை. போதாததற்கு அவரும் மற்றவர்களோடு பங்குக்கு வருவார். நபி (ஸல்) அவர்களே ஒரு யூதரிடம் கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள்.

கடை மூடும் தறுவாயில் மச்சானின் பெயருக்கு ஈட்டு உறுதி எழுதுவோரும் உண்டு. திகதியைப் பார்த்தவுடனேயே கேள்வி எழும். அந்த ஈடு தள்ளப்படலாம், முழுப் பட்டியலின் மீதும் சந்தேகம் விழும்.

எழுத உட்காருமுன் காணிப் பதிவகத்தில் பதிவேட்டின் பிரதியையும், வங்கியில் அன்றைய திகதிக்கான நிலுவைக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி இலக்கம், திகதி, சொத்தின் பெறுமதி, நிலுவை, குறைவிழும் தொகை ஆகியவற்றை ஒவ்வொரு ஈட்டுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.