நாள் முழுக்க நிற்கிறவருக்கு வாக்கிங் எதற்கு?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை வாங்க வந்த சித்தாள் அம்மாவிடம் டாக்டர் கேட்கிறார்: "வாக்கிங் போறீங்களாம்மா?" அவர் சிரிக்கிறார். "விடிஞ்சதுல இருந்து கல்லும் மண்ணும் சுமக்கிறேன் சார். இன்னும் எங்க நடக்கிறது?"

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை அந்த அம்மா பக்கம்தான் நிற்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும்; அதாவது பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் சரி. கூலி வேலை, வீட்டு வேலை, பஸ்ஸுக்கு நடப்பது எல்லாமே கணக்கில் சேரும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது.

ஆனால் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டு கவனித்து 2021இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. வேலையிலேயே மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ, உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட மரண அபாயம் 27 சதவீதம் கூடுதல். வறுமையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு, வாதம் முடியவில்லை.

ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்கு ஏற்கத்தக்கதாகவே படுகிறது. வேகமாக நடக்கும்போது இதயம் அரை மணி நேரம் கூடுதலாகத் துடித்து வேலை செய்துவிட்டு ஓய்வுக்குத் திரும்புகிறது; அந்த ஓய்வில்தான் பலம் பெறுகிறது. சுமை தூக்கும் வேலையில் நாடித்துடிப்பும் பி.பி.யும் எட்டு மணி நேரம் லேசாக ஏறியே கிடக்கின்றன. மூச்சைப் பிடித்துச் சட்டியைத் தலைக்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் பி.பி. இன்னும் எகிறுகிறது. களைத்தால் நிறுத்தும் உரிமை நடக்கிறவருக்கு உண்டு, சித்தாளுக்கு இல்லை. ஆகவே அவருக்கு முதல் மருந்து, வேலைக்கு நடுவே பத்து நிமிடம் நிழலில் உட்காருவது. அதை மேஸ்திரியிடம் யார் சொல்வது என்பது தனிக் கதை.

பீடி சுற்றுபவருக்கும் தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கும் இந்த உட்காரும் மருந்தைச் சொல்லக் கூடாது. அவர்கள் கூலியும் குறைவு, அசைவும் குறைவு. நடக்கும்போது கால் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டதும் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே பலன் தெரியும். தமிழக அரசு 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல காரியம்தான்; அங்கே போய்வர நேரம் இருப்பவர்களுக்கு.

ஆக, 'வாக்கிங் போறீங்களா' என்பதற்கு முன்னால் 'என்ன வேலை பாக்கறீங்க' என்று கேட்க வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு வாசலுக்கு வரும் பணியாளருக்கு அந்தப் பதில் கண்ணெதிரே தெரியும்.

சுகர்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பாதம் மரத்துப் போயிருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது; எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும், தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட வேண்டும். சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும்.