பழைய வி-டெக்கும் மாமாவின் கணக்கு நோட்டும்! பட்ஜெட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை

``ஏனுங்க, புள்ள பத்தாவது படிக்கிறா. இப்பப் போயி இருபத்து மூணு வருசத்துப் பழைய காரு வேணுமா?''

போன வருடம் என் மாமா வீட்டில் அத்தை கேட்ட கேள்வி இது. மாமா பதில் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அத்தை முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில், `மொத்தம் 2,50,000. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர். ஆசையைக்கூட டெபிட், கிரெடிட் போட்டுத்தான் சொல்வார்.

அவர் ஆசைப்பட்டது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக். `நாலு கதவு வச்ச சிட்டி எப்படிங்க ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நம் ஊரில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று மலிவாக வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1.2 லிட்டர் ரெனோ இன்ஜினோடு வந்த சான் ஸ்டார்மை எத்தனை பேர் ரோட்டில் பார்த்திருப்போம்? அதனால் 2000-களில் கல்லூரியில் படித்த தலைமுறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேறு பட்டியல். சச்சின் விளம்பரத்தில் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 மாடல், நம்ம மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லேன்சர், சீடியா. இந்த வரிசையில் ரொம்பப் பேர் மனதில் நிற்பது அந்த முதல் தலைமுறை சிட்டியின் வி-டெக்.

காரணம் இருக்கிறது. ஹோண்டா சிட்டி இங்கே வந்தது 1998-ல். 2000-ல் வி-டெக் இன்ஜின் சேர்ந்தது. 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன். அன்றைக்கு அந்த விலையில் அது பெரிய விஷயம். வண்டியோ ஆயிரம் கிலோ அளவில்தான். வி-டெக் என்பது வேறொன்றும் இல்லை, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வால்வுகள் ஒரு மாதிரியும், வேகமாகச் சுற்றும்போது இன்னும் உயரமாக, இன்னும் அதிக நேரமும் திறக்கிற ஏற்பாடு. 1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் ஹோண்டா முதலில் கொண்டுவந்தது. சாதாரணமாக ஓட்டினால் மைலேஜ், மிதித்தால் குணம் மாறிவிடும். ``ஆர்.பி.எம் முள்ளு மேல ஏறுறப்ப சத்தமே மாறும் கண்ணு. காலேஜ்ல ஒருத்தங்க அப்பா வண்டியில ஒரே ஒரு வாட்டி உக்காந்து போனேன். இருபது வருசமா காதுல இருக்குது'' என்கிறார் மாமா.

முதல் காரும், போன பத்தாயிரமும்

முதலில் பார்த்தது திருப்பூரில் ஒரு வண்டி. ஒரு புரோக்கர் காட்டினார். பளபளவென்று சிவப்பு பெயின்ட், தரையோடு தரையாக இறக்கிய ஸ்பிரிங், தெருமுனையிலேயே கேட்கிற சைலன்ஸர். மாமா பார்த்ததுமே விழுந்துவிட்டார். 10,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பழைய டிங்கரிங் மாஸ்டரைக் கூட்டிப்போனார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகத்தில் வைத்தாராம். ஒட்டவில்லை. வீல் ஆர்ச்சில் வைத்தார், அங்கேயும் ஒட்டவில்லை. உள்ளே தகரமே இல்லை, எல்லாம் பட்டி! டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பார்த்தால் வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் அடுத்தது. ஆர்.சி-யில் இருந்த இன்ஜின் நம்பரும் வண்டியில் இருந்த நம்பரும் வேறு வேறு. யாரோ இன்ஜினை மாற்றிவிட்டு, ஆர்.டி.ஓ ஆபீஸில் பதியாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த வண்டியை வாங்கியிருந்தால் பெயர் மாற்றமும் சிக்கல், அடுத்த எஃப்.சி-யும் சிக்கல், விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் சிக்கல். அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. `அந்தப் பத்தாயிரத்துக்கு நான் கத்துக்கிட்டது ஜாஸ்தி' என்று மாமா சொல்வார். அத்தை இருக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

அதனால், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டாலே பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் நீங்களே குனிந்து படியுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாயாகிவிட்டது. பசுமை வரி தனி.

ஈரோட்டு வண்டி

இரண்டாவது வண்டி ஈரோட்டில் கிடைத்தது. இரண்டாவது ஓனர். வெள்ளி நிறம், அங்கங்கே கீறல், சீட் கவர் கிழிசல். பார்க்கச் சுமார்தான். ஆனால் எதுவுமே மாற்றப்படாத வண்டி. கம்பெனியிலிருந்து வந்த சைலன்ஸர், அதே ஏர் ஃபில்டர் டப்பா, அதே ஸ்டீயரிங். கூடவே ஒரு பாலிதீன் கவர் நிறைய சர்வீஸ் பில்கள். பதிவு 2027 வரை இருந்தது.

மாமா போன் செய்து, `நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. பழைய இன்ஜினின் உண்மை முகம் அது குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கெட்டியாக, நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள், மோர் மாதிரி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் பிரச்னையாக இருக்கலாம்.

அந்தக் காலத்து ஹோண்டாக்களில் இன்னொன்றையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சாவியை ஆன் வரைக்கும் திருப்பினால் பின் சீட் பக்கம் இரண்டு நொடி `ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வரும். வெயிலில் நிறுத்திய வண்டியில் மட்டும் அந்தச் சத்தம் வராமல், சாயந்திரம் தானாகச் சரியாகிறது என்றால், மெயின் ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். தெரியாதவர்கள் பம்ப்பையே மாற்றச் சொல்வார்கள். சால்டரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு அது அரை மணி நேர வேலை.

விலை 1,70,000-ல் முடிந்தது. நோட்டில் மீதி 80,000.

ஒரு மழை சாயந்திரம்

இங்கேதான் எல்லோரும் செய்கிற தப்பை மாமாவும் செய்யப் பார்த்தார். அந்த 80,000-க்கு அவர் போட்ட முதல் பட்டியல் இது: புது சைலன்ஸர், கோன் மாதிரி இருக்கும் ஏர் ஃபில்டர், பெரிய அலாய் வீல். டயர்? `பட்டன் நல்லா இருக்குது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.'

வண்டி வந்த மூன்றாவது வாரம். அவிநாசி ரோட்டில் மழை. மகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார். முன்னால் பூக்கூடையோடு போன டி.வி.எஸ் 50 சட்டென்று நிற்க, மாமா பிரேக்கை மிதித்தார். ஏ.பி.எஸ் இல்லாத வண்டி. சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போனது. பிரேக்கை விட்டு, மறுபடி மிதித்து, ஒருவழியாக நின்றபோது அந்த மொபெட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஜாண்தான். அந்த அம்மா திரும்பிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்குக் கை நடுங்கி, பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தியிருந்தாராம். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தார். நான்கு இலக்க எண்: 1614. அதாவது 2014-ன் பதினாறாவது வாரம் செய்த டயர். அதிகம் ஓடாததால் பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் பதினோரு வருடத்தில் காய்ந்து கட்டையாகிவிட்டது. பழைய கார்களில் இது சகஜம். நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கும்.

புது டயர் வரும்வரை வண்டி போர்டிகோவைவிட்டு நகரவில்லை. சைலன்ஸர், ஏர் ஃபில்டர், அலாய் மூன்றையும் நோட்டில் சிவப்பு பேனாவால் அடித்துவிட்டார். அடித்துவிட்டு எழுதிய கணக்கு இது. நான்கு டயர் 18,000. முன் டிஸ்க், பேடு, பின் லைனர், பிரேக் ஆயில் 9,500. ஷாக் அப்சர்வர், புஷ் செட் 24,000. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 11,000. பெட்ரோல், கூலன்ட் ஹோஸ்கள் 3,500. துரு எடுத்து டிங்கரிங் 14,000. ஹெட்லைட் வயரிங் 2,500.

எல்லாம் மாமாவின் பட்டறை விலை, உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். இதில் ஒன்றுகூட வண்டியின் பவரை ஏற்றாது. ஆனால் போன மாதம் மருதமலை அடிவாரம் வரை நானும் பின்சீட்டில் போனேன். வளைவில் வண்டி அப்படியே ரோட்டைப் பிடித்துக்கொள்கிறது. பழைய புஷ்ஷும் ஷாக்கும் போன காரில் நூறு குதிரைத்திறன் இருந்து என்ன பயன்? 2002-ல் ஷோரூமிலிருந்து வந்தபோது எப்படி ஓடியதோ, அதற்குப் பக்கத்தில் கொண்டுவருவதே இந்த வயது காருக்கு உண்மையான அப்கிரேடு என்பேன்.

டைமிங் பெல்ட்டை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி ஓடவே இல்லை என்றாலும் அதற்கு வயதாகும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே போகலாம். எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையா, மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் மாற்றியதற்குக் காரணம், இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைச் சீக்கிரம் அரிக்கலாம். ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்கும் பல்பு மட்டும் காரணமில்லை. பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் கரன்ட் பாதியில் இளைத்துவிடுகிறது. ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் அதே பல்பு பளிச்சென்று எரியும். எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்கு தேவையே இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி-யில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கலர் மாற்றினால்கூட ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். அதனால் டர்போ, பெரிய இன்ஜின் கனவெல்லாம் யூடியூபோடு இருக்கட்டும்.

வேகம் வேண்டுமா? கோவைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி கார்களை வடிவமைத்த கரிவர்தன் பெயரில் 2003-ல் வந்த டிராக். சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. சொந்த வண்டியோடு டிராக்கில் ஓட்ட அனுமதிக்கும் நாள்கள் வரும்போது ஹெல்மெட்டோடு போய் ஆசை தீர ஓட்டலாம். மாமாவின் காரில் ஏர்பேக் கிடையாது. ரோட்டில் அவர் எண்பதைத் தாண்டுவதில்லை.

இன்னொரு விஷயம், வீட்டில் ஏற்கெனவே ஒரு வேகன் ஆர் இருக்கிறது. அவசரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு அதுதான். ஒரே கார் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட்டு இப்படி ஒரு பழைய வண்டி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உதிரி பாகத்துக்காக வண்டி ஒரு வாரம் பட்டறையில் நிற்பதெல்லாம் இதில் சாதாரணம்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மொத்தம் 2,52,500. ``பட்ஜெட்ட மீறிட்டீங்களே மாமா?'' என்றேன். ``அந்த ரெண்டாயிரத்தி ஐநூறு ஹெட்லைட்டுக்கு கண்ணு. உங்க அத்தைதான் போடச் சொன்னா'' என்றார். திருப்பூர் பத்தாயிரம் நோட்டில் எங்கேயுமே இல்லை.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. ``அடுத்த மாசம் ஏ.சி வேலைய எழுதிக்கங்க. வெயில் காலத்துல இதுல நான் பொள்ளாச்சி வரமாட்டேன்!''

மாமா புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார்.