மடக்குக் கத்தி வாங்கப்போறீங்களா? ஸ்டீல் பேரை அப்புறம் பார்க்கலாம்... முதல்ல விரலைக் காப்பாத்துங்க!

போன்ல 'ஃபோல்டிங் நைஃப்'னு தேடிப் பாருங்க. முந்நூறு ரூபாயில ஆரம்பிச்சு மூவாயிரம் வரைக்கும் வரிசை கட்டி நிக்கும். 'டாக்டிக்கல்', 'டமாஸ்கஸ்', 'ஜெர்மன் ஸ்டீல்', 'சர்வைவல்'... போட்டோவுல எல்லாமே ஒரே மாதிரிதான் மின்னும். வாங்கிட்டு வந்து ஒரு உர மூட்டையோட வாயை அறுக்கும்போதுதான் தெரியும், எது கத்தி, எது கத்தி மாதிரி வெட்டின தகரம்னு.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பொழுதுபோக்கு ஷாப்பிங் இல்லை. கதிர் அறுக்க மெஷின் வந்தாச்சு. வைக்கோலையும் பேலர் மெஷினே உருட்டிக் கட்டிப் போட்டுட்டுப் போகுது. வீட்டுக்கு நாலு கருக்கரிவாள் இருந்த காலம் போய், இன்னிக்கு ஒண்ணு எரவாணத்துல செருகிக் கிடக்கு. ஆனா, சின்னச் சின்ன வெட்டு வேலை குறையவே இல்லை. வைக்கோல் கட்டோட கயிறை அறுக்கணும். திருவையாறு பக்கம் வாழை இலை, வாழை நார். பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புல சொட்டுநீர்க் குழாய். வீட்டுக்கு வந்தா கொரியர் பார்சல். இது எல்லாத்துக்கும் அரிவாள் தூக்கிட்டுப் போக முடியாது. பாக்கெட்டுல அடங்குற ஒரு மடக்குக் கத்தி போதும். நம்ம தாத்தாக்கள் 'பேனாக்கத்தி'ன்னு சொன்னாங்களே, அதோட அண்ணன்னு வெச்சுக்கோங்க.

விலை கம்மின்னா மோசம்னு அர்த்தமில்லை. விலை அதிகம்னா தரம்னும் அர்த்தமில்லை. கேட்க வேண்டியது மூணே கேள்வி. வேலை செய்யும்போது விரல் மேல மடங்குமா? கூர் நிக்குமா? மழுங்கினா நாமே தீட்ட முடியுமா? இந்த வரிசையிலதான் கேட்கணும்.

லாக் இருக்கா?

பழைய பேனாக்கத்திகள்ல லாக் கிடையாது. முதுகுப் பக்கம் இருக்கிற ஸ்பிரிங் பட்டைதான் அலகைத் திறந்தபடி பிடிச்சுக்கிட்டு இருக்கும். விக்டோரினாக்ஸோட சின்ன சைஸ் சுவிஸ் கத்திகளும் இந்த வகைதான். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க இது தாராளமா போதும். ஆனா, குத்தித் திருப்புற வேலைக்கும், தடிமனான கயிறை அழுத்தி அறுக்கிற வேலைக்கும் இது ஆகாது. அழுத்தம் கொஞ்சம் முதுகுப் பக்கம் திரும்பினா அலகு மடங்கிடும். மடங்குற வழியில இருக்கிறது உங்க நாலு விரல். விரலோட தசைநார் அறுபட்டா மேல் தையலோட முடியாது. அறுவை சிகிச்சை, அப்புறம் பல வாரம் பயிற்சின்னு இழுக்கும்.

பிரான்ஸோட சவாய் மலைப் பகுதியில 1890-ல ஜோசப் ஓப்பினெல் செய்ய ஆரம்பிச்ச மரப்பிடிக் கத்தி இன்னிக்கும் உலகம் முழுக்க விக்குது. அதுல அலகைப் பூட்டுற வளையம் சேர்ந்தது 1955-லதான். 65 வருஷமா நல்லா ஓடின கத்திக்கே பூட்டு தேவைப்பட்டிருக்குன்னா, லாக் எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுக்கலாம்.

குறைஞ்ச விலையில அதிகம் கிடைக்கிறது 'லைனர் லாக்'. பிடிக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய தகடு, அலகு திறந்ததும் நகர்ந்து வந்து அதோட அடியில முட்டி நிக்கும். தகடு முழு கனமும் அலகின் அடியில உட்காரணும். ஓரமா நுனி மட்டும் தொட்டுக்கிட்டு நின்னா, அந்தக் கத்தி வேண்டாம்.

வீட்டுலயே சோதிக்கலாம். கத்தியை முழுசா திறந்து, பிடியைப் பக்கவாட்டுல மட்டும் பிடிச்சுக்கோங்க. அலகு மடங்குற பள்ளத்துப் பக்கம் ஒரு விரலும் இருக்கக் கூடாது. அலகோட முதுகை மேஜை விளிம்புல வெச்சு மெதுவா அழுத்துங்க. ஓங்கித் தட்ட வேண்டாம். லாக் நழுவினா, யோசிக்காம திருப்பி அனுப்பிடுங்க.

பாக்குவெட்டி டெஸ்ட்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரிஞ்சிருக்கும். அந்த வெற்றிலைக்கு ஜோடி பாக்குவெட்டி. பாட்டியோட வெற்றிலைப் பெட்டியில இருந்தா எடுத்து ஆட்டிப் பாருங்க. ரெண்டு கை, நடுவுல ஒரு ஆணி, அவ்வளவுதான். ஆணி தளர்ந்தா பாக்கு சிக்காது, வழுக்கிட்டு ஓடும்.

மடக்குக் கத்தியும் அதே கணக்குதான். அலகைத் திறந்து, தட்டையான பக்கத்தை ரெண்டு விரலால பிடிச்சு இட வலமா, மேல கீழா அசைச்சுப் பாருங்க. 'டக் டக்'னு ஆடினா அச்சு தளர்வு. அச்சுல திருகாணி இருந்தா முறுக்கிக்கலாம். ரிவிட் அடிச்சு மூடியிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. வயல் சேறு, மணல், நார் எல்லாம் அச்சுக்குள்ள போய் உட்காரும் என்பதால, கழற்றிக் கழுவ வசதியா திருகாணி வெச்ச கத்தியே நமக்கு நல்லது. மடக்கின பிறகு அலகு பிடிக்கு நடுவுல நிக்குதான்னும் பாருங்க. ஒரு பக்கம் உரசினா, திறக்கும்போதெல்லாம் கூர் தேயும்.

ஸ்டீல் பேரை எப்படிப் படிக்கணும்?

ஸ்டீல்ல ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். கார்பன் கடினத்தைத் தரும். குரோமியம் துருவைத் தடுக்கும். குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தாதான் ஸ்டெயின்லெஸ்னு சொல்லலாம்.

சீன ஸ்டீல் பேர்கள் பார்க்கப் பூட்டு எண் மாதிரி இருந்தாலும், அதுலயே விடை இருக்கு. முதல் எண் கார்பன், பத்துல ஒரு சதவீதக் கணக்குல. நடுவுல வர்ற எண் குரோமியம்.

* 3சிஆர்13: கார்பன் சுமார் 0.3%, குரோமியம் 13%. துருப்பிடிக்காது, ஆனா கூர் சீக்கிரம் போயிடும். 420ஜே2-வும் இதே ரகம்.
* 5சிஆர்15எம்ஓவி: கார்பன் சுமார் 0.5%. பரவாயில்லை ரகம். சமையலறைக் கத்திகள்ல நிறைய வரும்.
* 8சிஆர்13எம்ஓவி: கார்பன் சுமார் 0.8%. பட்ஜெட் கத்திகள்ல நல்ல தேர்வு. தீட்டவும் சுலபம்.
* 440: இதுல ஏ, பி, சின்னு மூணு வகை. கார்பன் அதிகம் இருக்கிறது சி. வெறும் '440'ன்னு மட்டும் போட்டிருந்தா, 'எந்த 440?'னு கேளுங்க.
* டி2: கார்பன் சுமார் 1.5%. கூர் ரொம்ப நாள் நிக்கும். ஆனா முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, தீட்டவும் நேரம் பிடிக்கும்.

'ஜெர்மன் ஸ்டீல்', 'சர்ஜிகல் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்'னு மட்டும் போட்டிருந்தா? அது எதுவும் ஸ்டீலோட பேரே இல்லை. விளம்பரம்.

இன்னொரு தப்பு நம்பிக்கை, 'நல்ல ஸ்டெயின்லெஸ்னா காந்தம் ஒட்டாது' என்பது. எவர்சில்வர் பாத்திரத்துக்கு அது பெரும்பாலும் சரி. கத்திக்கு நேர்மாறு. காய்ச்சிக் கடினமாக்கக்கூடிய கத்தி ஸ்டீல்ல காந்தம் நல்லா ஒட்டும். ஒட்டவே இல்லைன்னா, அது பாத்திரம் செய்யற ரகத் தகடா இருக்கலாம். கூர் நிக்காது.

முந்நூறு ரூபாய் 'டமாஸ்கஸ்'

அலை அலையா கோடு ஓடுற அலகைப் பார்த்ததும் கை தானா 'பை நவ்' பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்க. மலிவுக் கத்திகள்ல அந்தக் கோடு பெரும்பாலும் லேசர்ல வரைஞ்சது. நிஜமாவே அடுக்கடுக்கா அடிச்ச இரும்புன்னா, கோடு அலகோட முதுகுலயும் தொடரும். பக்கவாட்டுல மட்டும் ஓடி முதுகுல காணாமப் போனா, அது வெறும் டிசைன்.

இதுல நமக்கு ஒரு கூடுதல் உரிமையும் இருக்கு. புகழ்பெற்ற பழைய டமாஸ்கஸ் வாள்களோட மூலப்பொருளா சொல்லப்படறது தென்னிந்தியாவுல இருந்து போன 'வூட்ஸ்' உருக்கு. காவிரியில கலக்கிற நொய்யல் ஆத்தங்கரையில, ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல நடந்த அகழாய்வுல, மூசையில வெச்சு இரும்பை உருக்கின உலைகளோட தடயங்கள் கிடைச்சிருக்கு. மின்சார ஆராய்ச்சிக்காக நாம படிக்கிற மைக்கேல் ஃபாரடே 1819-ல இந்த உருக்கை ஆராய்ஞ்சு கட்டுரை எழுதியிருக்கார். அப்படிப்பட்ட பேரை ஒருத்தர் முந்நூறு ரூபாய்க்கு விக்கும்போது, சந்தேகப்பட நமக்குத்தான் முதல் தகுதி!

பேரைவிட பதம் முக்கியம்

ஊர்ப் பட்டறைகள்ல பழைய லாரியோட ஸ்பிரிங் பட்டையை வாங்கித்தான் அரிவாள் அடிப்பாங்க. பட்டை ஒண்ணேதான். ஆனா, ஒரு பட்டறை அரிவாள் வருஷக்கணக்கா உழைக்கும், இன்னொண்ணு ரெண்டே மாசத்துல வாய் மடங்கும். வித்தியாசம் தோய்ச்சல்லதான் இருக்கு. எவ்வளவு சூட்டுல எடுத்து, எப்படித் தோய்ச்சு, திரும்ப எவ்வளவு இளக்கினாங்க என்பதுதான் பதம். பதம் கம்மியானா கூர் மடங்கும், அதிகமானா பல்லு பல்லா உடையும்.

ஃபேக்டரி கத்திக்கும் இதேதான். கடினத்தை 'ராக்வெல் சி' அளவுல சொல்வாங்க. விக்டோரினாக்ஸ் பாக்கெட் கத்திகள் சுமார் 56. அன்றாட வேலைக்கு 56-ல இருந்து 59 வரை இருந்தா சரியான இடம். இந்த எண்ணைச் சொல்லாத கம்பெனியோட கத்தியா? வீட்டுல ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்து நீள நீளமா இருபது தடவை அறுங்க. அப்புறம் ஒரு பேப்பரை வெட்டிப் பாருங்க. சுத்தமா வெட்டினா பதம் சரி. பேப்பரைக் கிழிச்சா, கூரை விளக்கு வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. மடங்கின இடம் வெள்ளைக் கோடா மின்னும்.

சாணை பிடிக்கும்போது கவனம்

தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தா கொடுக்கலாம். ஆனா, சக்கரத்துல ஒரே இடத்துல அழுத்திப் பிடிச்சா அலகு சூடாகும். விளிம்பு நீலம் பாரிச்சா, அந்த இடத்துல பதம் போச்சுன்னு அர்த்தம். 'அண்ணே, நடுநடுவுல தண்ணியில தொட்டுப் பிடிங்க'ன்னு சொல்லுங்க.

இன்னும் நல்லது, ரெண்டு பக்கமும் உள்ள தீட்டுக்கல் ஒண்ணு வாங்கிக்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ். கத்தியைக் கல்லு மேல நேரா நிறுத்துங்க, 90 டிகிரி. பாதி சாய்ச்சா 45. அதுல பாதி 22. அதைவிடக் கொஞ்சம் கம்மியா வெச்சு, ரெண்டு பக்கமும் சம அளவு தேயுங்க. வாரக்கணக்குல மழுங்க விட்டுட்டு ஒரே நாள்ல தேய்க்கிறதைவிட, அப்பப்போ அஞ்சு நிமிஷம் தீட்டறது சுலபம்.

ஐப்பசி மழையும் பொட்டாஷும்

டெல்டாவுல கத்திக்கு முதல் எதிரி ஈரம். ஸ்டெயின்லெஸ்னாலும் துருவே பிடிக்காதுன்னு கிடையாது, லேட்டா பிடிக்கும், அவ்வளவுதான். பொட்டாஷ் உரத்துல இருக்கிற குளோரைடும் கடலோரத்து உப்புக்காத்தும் ஸ்டெயின்லெஸ்லயே புள்ளி புள்ளியா குழி போடும். அதனால மூட்டை அறுத்த கத்தியைக் கழுவித் துடைக்காம மடக்காதீங்க.

கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கினா, வாழைக்கறை பட்டு அலகு சாம்பல் கறுப்பா மாறும். அது பழுது இல்லை. செம்மண் நிறத்துல பொரிஞ்சா மட்டும்தான் துரு. அலகுல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அச்சுல தையல் மெஷின் எண்ணெய் போட்டா போதும். தோல் உறையில வெச்சு மழைக்காலம் முழுக்க மறந்துடாதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

2016 ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்குல சேர்க்குது. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செஞ்ச கருவிகளுக்கு அதுல விலக்கு இருக்கு. மூணு அங்குல அலகு நம்ம வேலைக்கு ஏகப்பட்டது. இருந்தாலும் வேலை இல்லாத இடத்துக்குப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போகாதீங்க. காலேஜ், கோர்ட், கூட்டம் கூடுற இடம் எதுவும் வேண்டாம். விமானத்துல கைப்பையில அனுமதி இல்லை, செக்-இன் லக்கேஜ்ல வெச்சுடுங்க. பட்டனை அழுத்தினா பாயுற கத்தி கெத்தா இருக்கும், ஆனா வைக்கோல் கயிறு அறுக்க அது தேவையே இல்லை.

பட்ஜெட் எப்படிப் பிரிக்கலாம்?

கையில இருக்கிற காசு குறைவுன்னா, முதல்ல லாக்குக்கும் அச்சுக்கும் செலவு பண்ணுங்க. அடுத்தது, பேர் தெளிவா போட்ட ஸ்டீல். மூணாவது தீட்டுக்கல். கண்ணாடி உடைக்கிற முனை, விசில், டார்ச், பாட்டில் ஓப்பனர்னு ஒட்டிக்கிட்டு வர்றதுக்குக் காசு கொடுக்காதீங்க. விலையில ஒரு பங்கை அதுங்க தின்னா, அந்தக் காசு ஸ்டீல்ல இருந்துதான் குறைஞ்சிருக்கும். சாதாரண ஸ்டீல், கெட்டியான லாக், கூடவே ஒரு கல்லு. இந்த செட், நல்ல ஸ்டீல் போட்டு லாக் ஆடுற கத்தியைவிட எப்பவும் மேல்.

ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சா? பார்சல் வந்த அன்னிக்கே லாக், ஆட்டம், காந்தம், முதுகுக் கோடுன்னு வரிசையா பார்த்துடுங்க. மொத்தம் அஞ்சு நிமிஷம் ஆகும். அட்டைப்பெட்டி டெஸ்ட்டை மட்டும் கடைசியா வெச்சுக்கோங்க, பயன்படுத்தின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு சில கடைகள் சொல்லும். ரிட்டர்ன் நாள் முடிஞ்ச பிறகு லாக் நழுவினா, அதுக்கு விலை கொடுக்கப்போறது உங்க விரல்தான்.