எண் தேறியது, குழந்தை தேறவில்லை

கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஆறு மருத்துவமனைகளில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வை 2011 ஜனவரியில் அதன் கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொன்னது. கேத்ரின் மெய்ட்லாண்ட் தலைமையில் நடந்த ஆய்வு அது. கடும் காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்த நிலையில் தூக்கிவரப்பட்ட குழந்தைகளுக்குச் சலைனை ரத்தக்குழாய் வழியே வேகமாக ஏற்றினால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று அறிவதே நோக்கம். பணக்கார நாடுகளின் பாடநூல்கள் அதைத்தான் சொல்லின. ரத்த ஓட்டம் தளர்ந்தால் திரவம் கொடு, அதுவும் சீக்கிரம் கொடு.

3141 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சலைன், இன்னொன்றுக்கு அல்புமின் கரைசல், இரண்டும் வேகமாக. மூன்றாம் குழுவுக்கு அந்த வேக டிரிப் கிடையாது. வழக்கமான அளவில் மெல்லச் சொட்டும் திரவம் மட்டும். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: அல்புமின் குழுவில் 10.6 சதவீதம், சலைன் குழுவில் 10.5, வேகமாக எதுவும் ஏற்றாத குழுவில் 7.3. நூறு குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று பேர், சிகிச்சை பெற்றதால் கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை உலுக்குவது பின்னர் வந்த ஓர் அலசல். திரவம் ஏற்றிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் குழந்தைகளில் 43 சதவீதம் பேர் ரத்த ஓட்டம் தளர்ந்த அதிர்ச்சி நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். ஏற்றப்படாதவர்களில் 32 சதவீதமே. கட்டிலருகே நிற்கும் மருத்துவர் கண்ணுக்குச் சிகிச்சை பலித்துவிட்டது. கை சூடாகிறது, நாடி தெரிகிறது. அந்த மருத்துவர் தன் அனுபவத்தை நம்பியிருந்தால் வாழ்நாள் முழுக்க அதையே செய்திருப்பார். நுரையீரலில் நீர் கோத்து இறந்திருப்பார்கள் என்று முதலில் சந்தேகித்தார்கள். அலசிப் பார்த்தபோது, கூடுதல் மரணங்களில் பெரும்பகுதி சில மணி நேரம் கழித்து இதயமும் ரத்த ஓட்டமும் குலைந்ததால் நேர்ந்தவை. ஏன் என்பதில் விவாதம் ஓயவில்லை. சலைனில் உள்ள குளோரைடு ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுவது ஒரு விளக்கம். நெருக்கடியில் ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொள்வது உடலின் தற்காப்பு, அதை நாம் தளர்த்திவிடுகிறோம் என்பது இன்னொன்று.

அந்த மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் வசதி இல்லை என்பதையும், வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நீரிழந்த குழந்தைக்குத் திரவம் உயிர் காக்கும்.

ஆப்பிரிக்க ஆய்வுக்கு நேர் எதிரான காட்சி அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருந்தது. நுரையீரல் கடுமையாக அழற்சியுற்று வென்டிலேட்டரில் இருந்த 861 பேரைப் பற்றிய ஆய்வு அது. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று, இன்னொன்றுக்கு 6. (கிலோ என்பது தராசு காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆள் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை.) முதல் சில நாட்களில் குறைந்த காற்று பெற்றவர்களின் ரத்த ஆக்சிஜன் கணக்குதான் மோசமாக இருந்தது. ஆனால் இறப்பு அவர்களிடம் 31 சதவீதம், மற்றவர்களிடம் 39.8. நோயுற்ற நுரையீரலில் காற்றுக்குத் திறந்திருப்பது ஒரு சிறு பகுதிதான் என்று இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேன் மூலம் காட்டியிருந்தார். பெரியவர் உடம்பில் குழந்தையின் நுரையீரல் இருப்பதுபோல. அதற்குள் முழு மூச்சை அடைத்தால் எஞ்சிய நல்ல பகுதியும் கிழிபடும்.

அங்கே எண் தேறியும் குழந்தைகள் போனார்கள். இங்கே எண் சரிந்தும் ஆட்கள் பிழைத்தார்கள். தீவிர சிகிச்சையின் கடந்த கால் நூற்றாண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த முரணைச் சுற்றியே நடக்கிறது என்பேன். 2025இல் பிரிட்டனில் 97 ஐசியூக்களில் 16,500 நோயாளிகளிடம் ஆக்சிஜன் அளவைச் சோதித்தார்கள். மானிட்டரில் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று விடப்பட்டவர்களுக்கும் வழக்கப்படி பெற்றவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 35.4 சதவீதம், 34.9 சதவீதம். குறைத்ததால் ஆதாயமும் தென்படவில்லை. அதுவும் ஒரு விடைதான்.

எந்த எண்ணைத்தான் நம்புவது? தென் அமெரிக்க மருத்துவர்கள் விரலை நம்பிப் பார்த்தார்கள். சிலி உள்ளிட்ட ஐந்து நாடுகளில், கிருமித்தொற்று முற்றி அதிர்ச்சி நிலைக்குப் போன 424 பேர். ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து விநாடி அழுத்தி எடுத்து, வெளுத்த தோலில் ரத்தம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார்கள். மூன்றுக்கு மேல் போனால் கோளாறு. இதற்குச் செலவே இல்லை. ரத்த ஓட்டம் தளர்ந்தால் கூடும் லாக்டேட் என்ற பொருளை ரத்தத்தில் அளந்து, அதன்படி சிகிச்சை பெற்றவர்களில் 43.4 சதவீதம் இறக்க, விரலைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 34.9. 2019இல் வெளியான இந்த வேறுபாடு, தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. 2025இல் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. அதில் இறப்பு இரு பக்கமும் ஏறத்தாழ சமம். விரலைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்கள் உயிர்காக்கும் மருந்துகளிலிருந்தும் கருவிகளிலிருந்தும் சற்று முன்னதாக விடுபட்டார்கள்.

நம் ஊரில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்’ என்று மருத்துவரை நச்சரிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஐசியூ வாசலில் நிற்க நேர்ந்தால் ‘இன்னும் என்ன கொடுக்கப்போறீங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இன்னைக்கு எதைக் குறைக்க முடியும், டாக்டர்?’ என்றும் கேளுங்கள்.