மின்சாரம் நின்றபின் தண்ணீர் எங்கே போகும்?

தமிழ்நாட்டு வீடுகளில் ‘சம்ப்’ என்ற சொல், வாசலுக்கருகே தரைக்கடியில் கட்டப்பட்டு, குழாயில் வரும் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டியைக் குறிக்கும். மீன் வளர்ப்போர் அதே சொல்லை வேறு பொருளில் ஆள்கின்றனர். மீன்தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டுக்குள் மறைவாக அமர்ந்து, மேலிருந்து வழிந்து இறங்கும் அழுக்கு நீரைத் தெளியவைத்து, சிறு மோட்டார் மூலம் மீண்டும் மேலேற்றும் இரண்டாவது தொட்டியே அவர்கள் சொல்லும் சம்ப்.

சாயக்கழிவு நீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்துள்ள திருப்பூர் வீரபாண்டியில் இந்த ஏற்பாட்டை விளக்குவது எளிது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னர், பயன்படுத்திய நீரையே மீட்டு மறுபடி பயன்படுத்துவது இத்தொழிலின் கட்டாயமாயிற்று. அந்நிலையங்களில் காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று செரிக்கும் கட்டமும், மீன்தொட்டிச் சம்பின் உள்வேலையும் தூரத்து உறவு. மீன்களின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் பிறக்கும் அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை நீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை என்பதால், நுண்துளைகள் நிறைந்த செராமிக் வளையங்களைச் சம்பில் நிரப்பி அவற்றுக்குக் குடியிருப்பு அமைக்கின்றனர். அக்குடியிருப்பு நிறையச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை வாங்கிக் குவிப்பதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

வீட்டிலேயே செய்வதற்கு, 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். அதனுள் கண்ணாடித் தடுப்புகளைச் சிலிக்கான் பசையால் ஒட்டி மூன்று அறைகளாகப் பிரித்தால், முதல் அறையில் குப்பை வடியும், நடு அறையில் பாக்டீரியா வேலை செய்யும், கடைசி அறையில் மோட்டார் அமரும். குளியலறைக்கென விற்கப்படும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் மீனுக்கு ஆகாது. மேல்தொட்டியில் துளையிட்டு வழிவு குழாய் பொருத்துவோர், அக்கண்ணாடி டஃபண்ட் வகையா என்பதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். அவ்வகைக் கண்ணாடி துளையிட்ட கணமே பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படியே தொட்டிக்கு இந்த வழிவு: நீர்மட்டத்தை அது ஓர் அளவில் நிறுத்துகிறது.

குப்பையை வடிகட்டத் துணி தேவைப்படும்போது, பனியன் நகரத்தில் கட்டிங் வேஸ்டுக்கா பஞ்சம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பருத்தித் துணி நீரிலேயே கிடந்தால் மட்கி, அதுவே அழுக்காகிவிடும். சாயமேற்றிய துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெத்தை, தலையணைகளில் அடைக்கும் மருந்து பூசாத வெள்ளைப் பாலியெஸ்டர் பஞ்சே இதற்குப் பொருத்தமானது. அதையும் சில நாள்களுக்கொருமுறை அலசியாக வேண்டும்.

சம்பின் தரம் மோட்டார் ஓடும்போது தெரிவதில்லை. மின்சாரம் நின்ற பின்னரே தெரியும். மோட்டார் நின்றதும், மேலே நீரைக் கொண்டுசெல்லும் குழாயின் வழியாகவே, சைஃபன் விசையால், நீர் கீழ்நோக்கித் திரும்பி ஓடத் தொடங்கி, அக்குழாயின் வாய் காற்றில் திறக்கும்வரை நிற்காது. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட மேல்தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் நீர்ப்பரப்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் 27 லிட்டர் இறங்கும்; சம்பில் அது 10 செ.மீ. உயர்வாகும். வாய் 25 செ.மீ. ஆழத்தில் இருந்தாலோ 135 லிட்டர் இறங்கும். சம்பின் மொத்தக் கொள்ளளவே 108 லிட்டர் என்பதால், எஞ்சியது வீட்டுத் தரையில்தான். இதைத் தடுக்க, அக்குழாயில் நீர்ப்பரப்பை ஒட்டிச் சற்றுக் கீழே சிறு துளையிடுகின்றனர். மட்டம் சற்றே இறங்கியதும் துளைவழியே காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். ஒருவழி வால்வை நம்புவதைவிட இது மேல், ஏனெனில் வால்வில் ஒரு நத்தை சிக்கினாலும் அது மூடாது. துளையையோ பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட்டால் போதும்.

நீர் ஆவியாவதால் ஏற்படும் குறைவு மோட்டார் அறையில்தான் தெரியும். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அதையே மேலும் மேலும் ஊற்றாமல், ஆர்.ஓ. நீரால் அக்குறைவை ஈடுசெய்வது நல்லது. எவ்வளவு ஊற்றலாம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு: மீன் விடுவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தி, மேலிருந்து நீர் முழுவதும் இறங்க விட்டு, சம்ப் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்வரை நீரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொண்டு, மோட்டாரை மறுபடி ஓடவிட்டு, கடைசி அறையில் மட்டம் நிலைத்த இடத்தில் மார்க்கரால் கண்ணாடிமேல் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். மோட்டார் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு குவளை நீரும் ஊற்றக்கூடாது.